சூப்பர்நோவாவின் பிரகாசத்தைக் காரைக்குடியிலிருந்து அளந்தால் யாருக்கு உபயோகம்?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான்: காரைக்குடியில் வீட்டு மொட்டை மாடியில் 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கிறது, கூடவே ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கிறது. பக்கத்து கேலக்ஸி ஒன்றில் சூப்பர்நோவா (வெடித்துச் சிதறும் நட்சத்திரம்) தோன்றினால் அதன் பிரகாசத்தை இரவுதோறும் அளந்து அனுப்ப ஆசை. ஆனால் காவலூர், ஹான்லே வானாய்வகங்கள் இருக்கும்போது, வானத்தைத் தானாகவே அலசும் ரோபோ டெலஸ்கோப்புகள் இருக்கும்போது, நம் எண் யாருக்கு வேண்டும்?

வேண்டும். உற்சாகப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

2023 மே 19, நம் நேரப்படி இரவு 10:57. ஜப்பானில் அப்போது விடியற்காலை இரண்டரை மணி. கோய்ச்சி இதகாகி என்கிற அமெச்சூர் எம்101 கேலக்ஸியைப் படம் எடுக்கிறார், சுருள் கை ஒன்றில் முன்பு இல்லாத புள்ளி ஒன்று 14.9 மேக்னிட்யூடில் நிற்கிறது (மேக்னிட்யூட் பிரகாசத்தின் அளவு, எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்). அதுதான் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப், 2 கோடிச் சொச்சம் ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த ஒரு செம்பெரு நட்சத்திரம். அந்த நிமிடத்தில் எம்101 காரைக்குடி வானத்தில் எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: வடக்கே சுமார் 45 பாகை உயரத்தில், உச்சிக்கோட்டைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மே மாதத்தில் நமக்கு அந்த கேலக்ஸி மிக வசதியாக இருக்கும் நேரமே அதுதான். அடுத்த ஐந்தாறு நாளில் அது 11 மேக்னிட்யூடுக்குப் பக்கத்தில் ஏறியது, அதாவது கண்டுபிடித்தபோது இருந்ததைப் போல ஏறக்குறைய 40 மடங்கு. உங்கள் 8 இன்ச்சில் 11 மேக்னிட்யூட் புள்ளி ஊர் வெளிச்சத்துக்கு நடுவிலும் தெரியும்.

இப்போது பெரிய டெலஸ்கோப்புகள் விஷயத்துக்கு வருவோம். காவலூர் (சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் நம்ம திருப்பத்தூர் இல்லை, வடக்கே ஜவ்வாது மலை இருக்கும் திருப்பத்தூர் மாவட்டம்) 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப்பையும், லடாக்கில் 4500 மீட்டர் உயரத்தில் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் இமாலயன் சந்திரா டெலஸ்கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் ஒவ்வோர் இரவையும் பல ஆராய்ச்சிக் குழுக்கள் முன்கூட்டியே பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு சூப்பர்நோவாவுக்காக இரவு முழுக்க, வாரக்கணக்கில், அரை மணிக்கு ஒரு தடவை என்று ஒதுக்க முடியாது. அவர்கள் செய்ய வேண்டியது நம்மால் முடியாத வேலை: நிறமாலை எடுப்பது, ரொம்ப மங்கிய பிறகும் பின்தொடர்வது. 2023ஐஎக்ஸ்எஃப்-க்கு அதைத்தான் செய்தார்கள். ஹான்லே டெலஸ்கோப்பும் அங்கேயே இருக்கும் 0.7 மீட்டர் குரோத்-இந்தியா டெலஸ்கோப்பும் விண்வெளியிலிருந்து இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளும் சேர்ந்து புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை அளந்தன. வெடித்த நட்சத்திரத்தைச் சுற்றி அது முன்பே உதிர்த்த வாயு அடர்த்தியாகக் கிடந்தது அப்படித்தான் துலங்கியது.

ரோபோ சர்வேக்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். அவை மங்கலானதைப் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டவை, பிரகாசமான சூப்பர்நோவா வந்தால் சென்சார் நிரம்பி வழிந்துவிடும். கலிஃபோர்னியாவின் இசட்டிஎஃப் சர்வே 12.5, 13 மேக்னிட்யூடைத் தாண்டிப் பிரகாசமானால் திணறும். சிலியில் வந்திருக்கும் 8.4 மீட்டர் ரூபின் டெலஸ்கோப்புக்கு 16-க்குப் பக்கத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். ஆக நம் பக்கத்து கேலக்ஸியில் வெடிக்கிற, எல்லாரும் விழுந்து விழுந்து படிக்க விரும்புகிற சூப்பர்நோவாதான் பெரிய சர்வேக்கள் அளக்க முடியாத சூப்பர்நோவா. அந்த இடத்தில் 6 இன்ச், 8 இன்ச், 11 இன்ச் கருவிகள்தான் வேலை செய்தாக வேண்டும்.

அப்புறம் பூமி சுற்றுகிறதே. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் விடிந்த பிறகு ஐரோப்பாவில் இருட்டுவதற்கு முன்னால் வரும் மணி நேரங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நம் தீர்க்கரேகைதான். அமெச்சூர்கள் இங்கே ஜப்பான் அளவுக்கோ அமெரிக்கா அளவுக்கோ இல்லை, அதனால் பல ஒளி வளைவுகளில் (பிரகாசம் நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் வரைபடங்களில்) இந்திய இரவு வெற்றிடமாகவே கிடக்கிறது. நீங்கள் கேட்டதற்கு என் முதல் பதில் இதுதான்: உங்கள் டெலஸ்கோப்பின் அளவைவிட அது நிற்கும் ஊரும் நேரமும் முக்கியம்.

முதல் சில மணி நேரம் ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். நட்சத்திரத்தின் உள்கரு சரிந்து, அதிர்ச்சி அலை வெளியே வந்து மேற்பரப்பைக் கிழிக்கும் கட்டம் மிகக் குறுகியது. நட்சத்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தது, சுற்றிலும் என்ன இருந்தது என்பதெல்லாம் அந்த வேகமான ஏற்றத்தில்தான் எழுதியிருக்கிறது. எங்கே எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எந்தப் பெரிய டெலஸ்கோப்பும் அதற்காகக் காத்திருக்க முடியாது. 2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் புசோ என்கிற அமெச்சூர், புதிதாக வாங்கிய கேமராவைச் சோதித்துப் பார்க்க, 40 செ.மீ. டெலஸ்கோப்பை என்ஜிசி 613 கேலக்ஸி பக்கம் திருப்பிக் குட்டிக் குட்டிப் படங்களாக வரிசையாக எடுத்தார். ஆரம்பப் படங்களில் ஒன்றுமில்லை, பிந்தைய படங்களில் ஒரு புள்ளி, அது படத்துக்குப் படம் ஏறுகிறது. எஸ்என் 2016ஜிகேஜி வெடித்து வெளிச்சம் வெளிவந்த தருணம் அவர் கையில் சிக்கியிருந்தது. 2018-ல் அது நேச்சர் இதழில் கட்டுரையாக வந்தது, ஆசிரியர்களில் அவரும் ஒருவர். 2023ஐஎக்ஸ்எஃப் விஷயத்திலும், இதகாகி பார்ப்பதற்கு முந்தைய மணி நேரங்களில் பல நாட்டு அமெச்சூர்கள் அழகுக்காக எடுத்து வைத்திருந்த எம்101 படங்களைத் தோண்டி எடுத்துத்தான் வெளிச்சம் எப்போது தொடங்கியது என்பதை இறுக்கிப் பிடித்தார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1987 பிப்ரவரி 23, உலக நேரம் காலை 7:35-க்கு ஜப்பானில் காமியோகாண்டே, அமெரிக்காவில் ஐஎம்பி என்று பூமிக்கடியில் இருந்த கருவிகளில் நியூட்ரினோக்கள் (நட்சத்திரக் கரு சரியும்போது வெளிச்சத்துக்கு முன்பே கிளம்பிவிடும் நுண்துகள்கள்) பதிவாயின. பெரிய மெகல்லானிக் மேகத்தில், 1,68,000 ஒளியாண்டு தூரத்தில், எஸ்என் 1987ஏ. நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் அதற்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவான நேரத்தில், 9:22-க்கு, வழக்கம்போல அந்த மேகத்தை நோட்டம் விட்டார். வாழ்நாளில் 5 லட்சத்துக்கும் மேல் மாறொளிர் நட்சத்திரப் பதிவுகள் செய்த மனிதர் அவர். அங்கே 7.5 மேக்னிட்யூடைவிடப் பிரகாசமாகப் புதிதாக எதுவும் இல்லை. சுமார் ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஆஸ்திரேலியாவில் எடுத்த புகைப்படத்தில் அது 6 மேக்னிட்யூட் அளவில் இருக்கிறது. ஜோன்ஸ் கண்ட அந்த 'ஒன்றுமில்லை' இல்லாவிட்டால், நியூட்ரினோ கிளம்பியதற்கும் வெளிச்சம் மேற்பரப்பைக் கிழித்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்ற கணக்கில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும். தம்பி, பார்த்தும் தெரியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், எந்த மேக்னிட்யூட் வரை தெரிந்தது என்பதோடு.

(அந்த 1987ஏ நம் பக்கத்திலிருந்தும் தெரிந்திருக்கும். பிப்ரவரி கடைசியில் இருட்டியதும் தெற்கே, அடிவானத்திலிருந்து பத்து பாகைச் சொச்சம் உயரத்தில். காவலூரில் அதன் நிறமாலையை எடுத்தார்கள்.)

சரி, முதல் நாள் போன பிறகு வாரக்கணக்கில் ஏன் அளக்க வேண்டும்? ஒளி வளைவு எந்த வடிவத்தில் இறங்குகிறது என்பதிலிருந்து உள்ளே நடப்பது தெரியும். 2023ஐஎக்ஸ்எஃப் மாதிரி ஹைட்ரஜன் போர்வையோடு வெடித்தவை உச்சத்துக்குப் பிறகு மெதுவாக இறங்கும் ஒரு மேட்டில் இரண்டு மூன்று மாதம் நிற்கும், ஏனென்றால் சூடான ஹைட்ரஜன் வெளியிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்கிறது. அது முடிந்ததும் பிரகாசம் பொத்தென்று விழும், பிறகு நேர்கோடாக இறங்கும். அந்த நேர்கோடு கதிரியக்கத்தின் கையெழுத்து: வெடிப்பில் உண்டான நிக்கல்-56, 6 நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகிறது, அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. அந்தச் சக்தி முழுதும் உள்ளேயே சிக்கினால் 100 நாளைக்கு ஏறக்குறைய 1 மேக்னிட்யூட் இறங்க வேண்டும். மேடு எந்த நாளில் முடிந்தது, விழுந்த ஆழம் எவ்வளவு என்பதிலிருந்து போர்வையின் கனத்தையும் நிக்கலின் அளவையும் கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு வகை ஐ-ஏ. இதில் வெடிப்பது வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குள்ளன் ஒன்று சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது என்று காட்டினாரே, அந்த எல்லைக்கும் இந்த வெடிப்புகளுக்கும் சம்பந்தம் உண்டு. இந்த வகையில் உச்சத்திலிருந்து 15 நாளில் எத்தனை மேக்னிட்யூட் இறங்குகிறது என்பதுதான் உயிர்நாடி. மெதுவாக இறங்குபவை உண்மையிலேயே அதிகப் பிரகாசமானவை என்று மார்க் ஃபிலிப்ஸ் 1993-ல் காட்டினார், அதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிட்டு, பிரபஞ்சம் வேகம் கூடிக்கொண்டே விரிகிறது என்ற முடிவுக்கு 1998-ல் வந்தார்கள், 2011-ல் நோபல் பரிசும் வந்தது. உச்ச நாள் எது என்று தெரியாவிட்டால் 15 நாளை எங்கிருந்து எண்ணுவது? அந்த ஓரிரு நாள் எல்லார் வானமும் மேகமாக இருந்து உங்கள் மாடி மட்டும் தெளிவாக இருந்தால், உங்கள் பதிவு அங்கே நிற்கும்.

மேக்னிட்யூட் அளவைப் பற்றி ஒரு வார்த்தை: எண் குறைந்தால் பிரகாசம் அதிகம், 5 மேக்னிட்யூட் வித்தியாசம் சரியாக 100 மடங்கு. இதை 1856-ல் வரையறுத்த நார்மன் போக்சன் பிறகு மதராஸ் வானாய்வகத்துக்கு வந்து 1861 முதல் 1891-ல் சாகும்வரை நுங்கம்பாக்கத்திலேயே வேலை பார்த்தார். அவரிடம் வேலை செய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இந்த வேலை நமக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எப்படிச் செய்வது. உங்கள் டாப்சோனியன் தானாக நகராது, அதனால் அதில் கேமராவைப் பொருத்திப் போராட வேண்டாம், கண்ணால் அளங்கள். ஏஏவிஎஸ்ஓ என்று அமெரிக்காவில் 1911-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது, எந்த நாட்டுக்காரரும் பதிவு அனுப்பலாம். அவர்கள் தளத்தில் சூப்பர்நோவாவின் பெயரைக் கொடுத்தால் வரைபடம் கிடைக்கும், சுற்றியுள்ள நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் 110, 116 என்று எண்கள் இருக்கும். அது 11.0, 11.6. புள்ளி போட்டால் அதையே நட்சத்திரமென்று எண்ணிவிடுவோம் என்று விட்டிருக்கிறார்கள். சூப்பர்நோவா 110-ஐ விட மங்கல், 116-ஐ விடப் பிரகாசம், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு தாண்டியிருக்கிறது என்று பட்டால் 11.2. அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்த 'பட்டால்' என்ற இடத்தில்தான் முழு நேர்மையும் வேண்டும். ஒப்பிடும் இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடு உங்கள் இரு கண்களை இணைக்கும் கோட்டுக்கு இணையாக வரும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கீழே இருக்கும் புள்ளி ஒரு மாதிரி, மேலே இருப்பது ஒரு மாதிரி என்று கண் ஏமாற்றும். பார்வையின் நடுவில் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து பாருங்கள். சூப்பர்நோவா நாளாக ஆக சிவக்கும், சிவப்புப் புள்ளியை முறைத்துக்கொண்டே இருந்தால் அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோலத் தோன்றும், அதனால் சட்டென்று பார்த்து சட்டென்று விலகுங்கள். மிக முக்கியமாக, அன்றைக்கு மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை உங்கள் எண்ணை எழுதி முடிக்கும்வரை பார்க்காதீர்கள். நேற்று 11.2, இன்று இறங்கியிருக்க வேண்டுமே என்று மனம் முன்கூட்டியே 11.3 போட்டுவிடும். அப்படிப் போட்ட எண் வெற்றிடத்தைவிட மோசமானது, ஏனென்றால் அது உண்மை மாதிரி இருக்கும். கண் மதிப்பீட்டில் 0.1, 0.2 பிழை எல்லாருக்கும் உண்டு. பலர் தனித்தனியாகப் பார்த்தால் அது சராசரியில் அடங்கும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் அடங்காது.

கேமராவை ஒரு சின்ன நகரும் மவுண்ட்டில் வைத்து, 200 மி.மீ. லென்ஸோ சின்ன ரிஃப்ராக்டரோ போட்டு எடுக்கலாம். ரா ஃபைலாக எடுங்கள், ஜேபெக் வேண்டாம், அதில் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை மாற்றிவிடும். பச்சைச் சேனலை மட்டும் பிரித்து அளந்தால் வானியலின் வி ஃபில்டருக்கு (பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) ஓரளவு நெருங்கி வரும். எந்த ஒப்பீட்டு நட்சத்திரமும் நிரம்பி வழியாமல் பாருங்கள், ஃபோகஸை இம்மி விலக்கி வைப்பது நல்லது. ஃபில்டரே இல்லாத கருப்பு வெள்ளை கேமராவில் எடுப்பவர்களின் எண் உங்களோடு ஒத்துப்போகாது, கலங்காதீர்கள். ஹைட்ரஜன் சூப்பர்நோவாவின் சிவப்பு வரி பலமானது, சாதாரண நட்சத்திரத்தின் ஒளி மாதிரி அது பரவலாக இருக்காது, அதனால் ஒவ்வொரு சென்சாரும் ஒவ்வொரு மாதிரி பார்க்கும். எதில் எடுத்தீர்கள் என்பதைச் சரியாகக் குறிப்பிட்டால் ஆராய்ச்சி செய்பவர் சரிக்கட்டிக்கொள்வார். குறிப்பிடாவிட்டால் அந்தப் பதிவைத் தூக்கிப் போடுவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

நம் ஊர்ச் சிக்கல் வெப்பம். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் தட்டோட்டுத் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். சென்சாரின் இருட்டு இரைச்சல் ஆறேழு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், குளிர்நாட்டுக்காரர்கள் ஒருமுறை எடுத்து வைத்த டார்க் ஃபிரேமை மாதக்கணக்கில் பயன்படுத்துவார்கள், நமக்கு அது சரிவராது. அதே இரவில், அதே எக்ஸ்போஷரில், லென்ஸை மூடி டார்க் எடுங்கள். தளத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் காற்றின் நடுக்கமும் கொஞ்சம் குறையும். வளவுக்குள் (வீட்டு நடு முற்றத்தில்) ஸ்டாண்டைப் போட்டு எடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நாலு பக்கமும் ஓட்டுக்கூரை, தெரிவது தலைக்கு மேலே ஒரு துண்டு வானம், வேண்டாம். ஊருக்கு வெளியே ஊருணிக் கரை கிடைத்தால் அருமை, ஆனால் இரவுதோறும் போக முடியாத அருமையான இடத்தைவிட, இரவுதோறும் ஏற முடிகிற மாடி மேல்.

நேரத்தில் நமக்கு ஒரு வசதி. உலக நேரத்துக்கு 5:30-ஐக் கழிக்க வேண்டும், ஜூலியன் நாள் (வானியலில் நாட்களை மாதம், ஆண்டு இல்லாமல் ஒரே வரிசையில் எண்ணும் எண்) மாறுவது உலக நேரம் நண்பகலில், நமக்கு அது மாலை 5:30. ஆகவே சாயங்காலம் இருட்டியதிலிருந்து விடியும்வரை ஒரே ஜூலியன் எண்தான், பின்னம் மட்டும் மாறும். உலகத் தேதியும் விடியற்காலை 5:30 வரை மாறாது, நாள்காட்டியில் நள்ளிரவு தாண்டியதும் தேதியை மாற்றி எழுதினால் பதிவு ஒரு நாள் தள்ளிப் போய்விடும். புதியவர்கள் அனுப்பும் பதிவுகளில் இந்தத் தவறு அடிக்கடி வரும்.

எந்தப் பக்கம் பார்ப்பது? வடகிழக்குப் பருவமழை விட்ட பிறகு ஜனவரியிலிருந்து மே வரை நமக்குக் கிடைக்கும் வானம் நல்ல வானம், அதே காலத்தில்தான் கன்னி ராசியின் கேலக்ஸிக் கூட்டம் நமக்குத் தலைக்கு மேலேயே போகிறது. சுமார் 5 கோடி ஒளியாண்டில் ஆயிரத்துக்கு மேல் கேலக்ஸிகள், அங்கே ஓர் ஐ-ஏ வெடித்தால் தூசி மறைக்காவிட்டால் 12-க்குப் பக்கத்தில் வரும். எம்61 என்ற ஒற்றை கேலக்ஸியில் மட்டும் 1926 முதல் 2020 வரை எட்டு சூப்பர்நோவாக்கள் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பியர்களுக்கு அந்தக் கூட்டம் பாதி வானத்தில் சாய்ந்து நிற்கும், நமக்கு உச்சியில் நிற்கும், காற்றின் தடிப்பு மிகக் குறைவான இடத்தில்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். திருவாதிரையை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒருநாள் வெடிக்கப்போகிற செம்பெரு நட்சத்திரம்தான். 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதோடு ஒப்பிட ரோகிணி 0.9, புனர்பூசத்தின் பொலக்ஸ் 1.1, டெலஸ்கோப்கூட வேண்டாம், வெறுங்கண்ணால் வாரம் ஒருமுறை மதிப்பிட்டு அனுப்பிக்கொண்டே வாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும்போது பாருங்கள், தாழ்வாக இருப்பது காற்றில் மங்கும். ஒரு சீசன் முடிவதற்குள் உங்கள் கண் எவ்வளவு நிலையானது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, டிஎஸ்எல்ஆரில் எடுக்கும் எந்த கேலக்ஸிப் படத்தையும், ஃபோகஸ் போனதானாலும் சரி, கார்டில் இடமில்லை என்று அழிக்காதீர்கள். ரா ஃபைலை, கேமராக் கடிகாரத்தைச் சரிபார்த்த நேரத்தோடு, தனி ஹார்ட் டிஸ்க்கில் தேதிவாரியாகப் போட்டு வையுங்கள். எங்காவது ஒரு சூப்பர்நோவா அறிவிப்பு வந்தால் முதலில் அந்த டிஸ்க்கைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.